பத்து யூனிட் விடுப்பு

செத்துவிட்டனவா என்றுதான் கேட்டேன்.
பாயான் லெப்பாஸ் கிளினிக், ஆறாம் அறை,
நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள்,
எனக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேர்.

சாகவில்லை என்றார் டாக்டர் சூ வென்.
பேனா மூடியால் காதைச் சொறிந்துகொண்டே
என் தேதி அட்டையின் பின்புறத்தில்
ஒரு கணையம் வரைந்தார். வெண்டைக்காய் மாதிரி இருந்தது.
அதற்குள் புள்ளி புள்ளியாய் வைத்து
பூலாவ், பூலாவ் என்றார்.
தீவுக்காரிக்கு அது புரிந்தது.
ஒவ்வொரு குட்டித் தீவிலும் இன்சுலின் சுரக்கிற செல்கள்.
இருக்கின்றன, கமலவேணி,
இருந்த இடத்திலேயே இருக்கின்றன,
தாங்கள் யார் என்பதைத்தான் மறந்துவிட்டன.

பதினோரு வருட இனிப்புநீர்.
உள்ளே ஒரு சுடுகாடு என்றே நினைத்திருந்தேன்,
தினம் ஒன்றிரண்டாய்ப் போய்ச் சேர்கின்றன என்று.
இது வேறு மாதிரி.
விளக்கு எரிகிறது, ஆள் நிற்கிறது,
சரக்கு மட்டும் வரவில்லை.

சர்க்கரை ஓயாமல் வந்தால்
ஓ.டி. மேல் ஓ.டி. பார்க்கும் செல்
ஒருநாள் கற்ற தொழிலைக் கழற்றி வைத்துவிடுமாம்.
கருவில் இருந்த
பெயரிடாத பருவத்தின் பக்கமாய்த் திரும்பி நடக்குமாம்.
சிலது பக்கத்துச் செல்லின் சீருடையைப் போட்டுக்கொண்டு
இறக்க வேண்டிய சர்க்கரையை
ஏற்றிக்கொண்டிருக்குமாம்.

நான் சிரித்துவிட்டேன். டாக்டருக்கு ஏனென்று தெரியவில்லை.

இரவு ஷிப்டில் எங்களுக்கு முகம் கிடையாது.
தூசு புகாத அறை, உச்சி முதல் கால்வரை வெள்ளை,
கண் மட்டும் வெளியே.
நூர்ஹயாத்தி என் நடையை வைத்து என்னைக் கண்டுபிடிப்பாள்.
மற்றவர்களுக்கு நான் நாலாம் லைன்.
ஆள் குறைத்த வருடம் ஐந்தாம் லைனும் நானே.
விடிகாலை மூன்று மணிக்கு மைலோ, கறிப்பாப்,
திரும்பவும் மைலோ.
ஓர் இரவு, படிவத்தில் பெயர்க் கட்டத்துக்குள்
சரக்கு எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.
யாரும் திருத்தவில்லை.
நானே பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

ஊசி வேண்டாம் என்று நாலு வருடம் தள்ளியவள் நான்.
ஜெலுத்தோங் சித்தப்பாவுக்கு
ஊசி தொடங்கிய வருடமே கால் போனது.
அதையும் பொறுமையாகக் கேட்டார்.
பிறகு சொன்னார்:
வெளியிலிருந்து இன்சுலின் போனால் உள்ளே சுமை குறையும்,
ஓய்வு கிடைத்தால் சிலது பழைய வேலைக்கு வரலாம்,
எலிகளில் வந்திருக்கின்றன.
எனக்கு எத்தனை வரும்?
தெரியாது என்றார்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டேன்.

யாருக்கும் விடுப்பு கொடுக்கும் பதவியில்
இதுவரை நான் இருந்ததில்லை.
இப்போது தினம் இரவு ஒன்பதரைக்கு
சம்பாலுக்கும் தயிருக்கும் நடுவிலிருந்து
பேனாவை எடுக்கிறேன்.
வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பத்து யூனிட்.
குத்திய ஊசியைப்
பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாது.
எண்ணுகிற நேரத்தில் அவற்றிடம் பேசுகிறேன்:
இன்றைக்கு வர வேண்டாம்.
நாளைக்கும் வேண்டாம்.
சம்பளம் பிடிக்க மாட்டார்கள், தூங்குங்கள்.
ஏழு, எட்டு.
கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடிக்கிறது.

வாசலில் விரல் வைக்கிற கருவி.
சர்க்கரை பார்க்கக் குத்திக் குத்தி
என் விரல் நுனி பலாத்தோலாய்க் கிடக்கிறது.
சிவப்பு விளக்கு.
மலாயில் ஒரு பெண்குரல், கோபமே இல்லாமல்:
அடையாளம் காண முடியவில்லை, மீண்டும் முயலவும்.
பின்னால் வரிசை நீள்கிறது, யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள்.
விரலைச் சட்டையில் துடைக்கிறேன்,
வாய் வைத்து ஊதுகிறேன்,
முயல்கிறேன்.
சிவப்பு.

வேறு விரலை வைக்கிறேன்.